துறைமுகப் படிகளில் ஓக்-புன்

அன்று திரையில் ஓக்-புன் தலையைத் திருப்பினாள். திருப்பியிருக்கக் கூடாது.

கொரியாவின் மோக்போ துறைமுகத்தில் அந்தச் சினிமாப் படத்தை எடுத்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. மீன் கூடையோடு போய்க்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, கதாநாயகனுக்குப் பின்னால் கல்படிகளில் ஏறச் சொன்னார்கள். ஏறுவாள், சந்துக்குள் மறைவாள். பதினோரு விநாடி. கல்யாணமான நாளிலிருந்து அவள் கணவர் மான்-சுவுக்குப் பிடித்த படம் அதுதான். வருடத்துக்கு ஒருமுறை, அவள் கணவாய்க் கருவாட்டைக் கிழித்துக் கொடுக்க, இருவரும் சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள். மார்ச் மாதம் அவள் இறந்த பிறகு தினமும் பார்த்தார். பிறகு அந்தப் பதினோரு விநாடியை மட்டும், காலையில் இருபது தடவை, மதியம் முப்பது தடவை.

வெளியே நான்கு நாளாக விடாத மழை. சுவரில் ஊறிய ஈரத்தின் வாடையும், அடுப்பில் மறந்துபோன கடற்பாசி சூப்பின் புளித்த நெடியும் அறையை நிறைத்திருக்க, திரையில் கடற்காக்கைகள் கத்தும் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் மெதுவாக அவர் காதுக்கு எட்டியது. யாரோ மூச்சு வாங்கும் சத்தம்.

மறுநாள் அவள் நொண்டினாள்.

மகள் சோராவுக்குப் போன் செய்தார். "உங்கம்மா நொண்டுறாம்மா."

"அப்பா, மறுபடியும் அதே படமா? சாப்பிட்டீங்களா இல்லையா?"

"கால் வலிக்குது போல. சரியா ஏற முடியல."

"நான் வர்றேன். அதைத் தொடாதீங்க."

ஞாயிறு மதியம் நனைந்த குடையோடு வந்தாள். அப்பாவின் மனக்கோளாறை அவருக்கே காட்டிவிடலாம் என்று, தானே படத்தைப் போட்டாள். கதாநாயகன் வழக்கம்போல் சிகரெட் பற்றவைத்தான். பின்னால் கூடை தெரிந்தது.

சோராவின் கை அப்பாவின் முழங்கையைப் பிடித்தது.

"அப்பா... அம்மாவுக்கு ஏன் வயசாயிடுச்சு?"

கூடைக்குக் கீழே நரைத்த தலை. ஆஸ்பத்திரி உடுப்பு. வெறுங்கால். அவள் ஒவ்வொரு படியாக ஏறினாள். மிதித்த படியெல்லாம் சிவப்பாயிற்று. கதாநாயகன் எதையும் பார்க்காமல் தன் வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நடுப்படியில் நின்றாள். நேராக அவரைப் பார்த்தாள்.

"சோரா அப்பா, எத்தனை தடவைதான் ஏறுறது? என்னைக் கொஞ்சம் படுக்க விடுங்களேன்."

அதே குரல். கடைசி வாரம் தண்ணீர் கேட்ட குரல்.

"ஐயோ, தெரியாம பண்ணிட்டேன்டி," என்றார் மான்-சு. "ஆசைலதான் பார்த்தேன். போ, போய்ப் படுத்துக்கோ."

நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். நிற்கவில்லை. சோரா படத்தின் குறுந்தகட்டை வெளியே உருவினாள். டிவியின் மின்சாரக் கம்பியைப் பிடுங்கினாள். அறையின் விளக்கும் குளிர்பெட்டியின் முனகலும் அப்படியே இருந்தன. திரையும் அணையவில்லை.

காட்சி மறுபடி முதலிலிருந்து தொடங்கியது; படி வெறுமையாகக் கிடந்தது.

கடற்காக்கைகள் கத்தின.

கீழ்ப்படியில் ஓக்-புன் குனிந்து, இரண்டு கைகளாலும் கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள். அழுதுகொண்டே முதல் படியில் கால் வைத்தாள்.