ஒயரின் அந்தப் பக்கம்

பதினோராம் தேதியே ரெனிட்டாவின் முகம் உடைய ஆரம்பித்துவிட்டது. மாதக் கடைசியில் நடக்க வேண்டியது அது.

குவைத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுப்பு. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, மூக்கண்டப்பள்ளியில் இருக்கிற வாடகை வீட்டில், ஜெபதுரை மகள் ஷெரினை மடியில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான். "பாப்பா, அம்மா தெரியுதேனா?" என்று கேட்டுக்கொண்டே ரெனிட்டா திரையில் வருவாள். எந்த வெள்ளிக்கிழமையும் முதல் பேச்சு அதுதான். அன்றைக்கு "தெரி" வரைக்கும் வந்தது. அப்புறம் முகம் கட்டம் கட்டமாகப் பிரிந்து, ஒரு கண் கன்னத்துக்கு இறங்கி, அப்படியே நின்றுபோனது. ஐந்து வயது ஷெரின் அந்தக் கண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அவனுடைய பிராட்பேண்ட் கணக்கில் மாதத்துக்கு ஒரு ஜி.பி. தீர்ந்துவிட்டால் லைன் நத்தை வேகத்தில் ஊரும். அந்த ஒரு ஜி.பி.யை, தண்ணீர் வராத தெருவில் குடத்தைக் காப்பாற்றுகிற மாதிரி அவன் காப்பாற்றி வைத்திருந்தான். பாட்டு கிடையாது, படம் கிடையாது. எல்லாம் நான்கு வெள்ளிக்கிழமைக்காக. ரெனிட்டா போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. போட்டோவைக் காட்டி "இது யாருட்டி?" என்று கேட்டால், ஷெரின் இப்போதெல்லாம் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் "அம்மா" என்கிறாள். பிள்ளை பெற்றவளை மறந்துவிடக் கூடாது. அதற்கு மேல் அவன் கடவுளிடம் எதையும் கேட்கவில்லை.

மறுநாள் பாகலூர் ரோட்டில் இருக்கிற பிராட்பேண்ட் கம்பெனி ஆபீசுக்குப் போனான். அங்கே லைன்களைப் பார்த்துக்கொள்கிற நாராயணப்பன் ஒரு தாளை அச்செடுத்து நீட்டினார்.

"தினம் மத்தியானம் மூணு நாப்பதுக்கு உங்க கணக்குல டேட்டா செலவு ஏறுது சார், நாலேகாலுக்கு எறங்குது."

"அந்நேரம் நான் ஷிப்ட் முடிஞ்சு வந்து தூங்குவேன். கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டுல்லா படுக்கேன்!"

"உங்க வீட்டு லைன் இல்ல. வேப்பனப்பள்ளி தாண்டி ஒரு லைன்ல இருந்து உங்க பேரப் போட்டு உள்ள வராங்க. பாஸ்வேர்டு மாத்தினீங்களா?"

மாற்றவில்லை. கணக்குத் திறந்தபோது கொடுத்ததையே அவனும் வைத்திருந்தான், ஊரில் பாதிப் பேரைப் போல. நாராயணப்பன் சிரித்தார். பிறகு தாளை மறுபடி பார்த்து நெற்றியைச் சொறிந்தார். "ஆனா அது மாங்கா மண்டி லைன் சார். மண்டி பூட்டி ரெண்டு வருசமாச்சு. அங்க ஆளே கெடையாது."

அன்று சாயங்காலமே பாஸ்வேர்டை மாற்றினான். மடியில் உட்கார்ந்திருந்த ஷெரின், அவன் விரல் விழுகிற ஒவ்வொரு எழுத்தையும் யு.கே.ஜி. பிள்ளைகளுக்கே உரிய ராகத்தோடு உரக்கப் படித்தாள். அவனுக்குப் பெருமையாக இருந்தது. ஜன்னலில் ஆடிக் காற்று இரைந்தது. அடுப்படிப் பக்கம் பரணுக்கு மேலே இருக்கிற வென்டிலேட்டர் கம்பியில் எதுவோ தட்டித் தட்டி நின்றது. வெளியிலிருந்து டெலிபோன் ஒயர் அது வழியாகத்தான் நுழைந்து, பரணில் பழைய சூட்கேஸ்களுக்கு நடுவே ஓடி, சுவர் வழியே மேசைக்கு இறங்கும். ஒயர் ஆடுகிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் தாளில் வேறு இடம் இருந்தது. சூளகிரி. நெடுஞ்சாலை ஓரத்தில் இன்னும் திறக்காத ஒரு கம்பெனி ஷெட். அதே மூன்று நாற்பது, புதுப் பாஸ்வேர்டு. திரும்பவும் மாற்றினான். ஷெரின் திரும்பவும் படித்தாள். இருபத்தைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை ரெனிட்டாவுக்கு முகமே வரவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு நடுங்கியது, அவ்வளவுதான். மறுநாள் நாராயணப்பனின் தாளில் இருந்தது அவன் தெருமுனை டெலிபோன் பெட்டி. இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

கிட்டே வருகிறது. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு எட்டு கிட்டே வருகிறது.

"பாஸ்வேர்ட யார்கிட்டயாவது சொன்னியாட்டி?" என்று மகளை உலுக்கினான்.

"அம்மாகிட்ட சொன்னேன்." அவள் உதடு பிதுங்கியது. "அம்மாதான் கேட்டாங்க."

ரெனிட்டாவா? வெள்ளிக்கிழமை ஏதாவது கேட்டிருப்பாள், இவள் ஒப்பித்திருப்பாள். அவளிடம் இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று அவன் மனசைத் தேற்றிக்கொண்டான்.

திங்கட்கிழமை நாராயணப்பன் கடைசியாக ஒரு வழி செய்தார். "உங்க கணக்க உங்க வீட்டு ஒயரோட கட்டிப் போட்டுட்டேன் சார். இனிமே பாஸ்வேர்டு தெரிஞ்சாலும் பிரயோசனம் இல்ல. திருடணும்னா உங்க வீட்டுக்குள்ள வந்துதான் திருடணும்."

நல்ல வார்த்தை சொன்னார் மனுஷன்! ஜெபதுரை அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு வந்தான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தூக்கத்தில் ஒரு வாசனை வந்தது. டெட்டால், அதோடு ரெனிட்டா தலைக்குத் தேய்க்கிற எண்ணெய். கண்ணைத் திறந்தபோது மணி நாலு இருபது. மோடத்தின் பிளக்கை அவன் பிடுங்கித்தான் போட்டிருந்தான், அது தரையில் கிடந்தது. தொட்டுப் பார்த்தான். மோடம் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது.

ஷெரின் மேசைக்குக் கீழே இருந்தாள். ஒயரின் நுனியை மோடத்திலிருந்து கழற்றி, மணிக்கட்டில் வளையல் போலச் சுற்றியிருந்தாள்.

"என்னட்டி பண்ணுத?"

"அம்மா போட்டுக்கச் சொன்னாங்க."

"எந்த அம்மா?"

"மத்தியான அம்மா." இவ்வளவுகூடத் தெரியாதா என்கிற மாதிரி அவனைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழம அம்மா உடைஞ்சு உடைஞ்சு வருவாங்க. மத்தியான அம்மா உடையவே மாட்டாங்க."

அவளை வாரித் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினான். காலையில் ஷெரினைப் பள்ளிக்கு அனுப்பி, அழைத்துவந்து, அவன் ஷிப்ட் முடிந்து வரும்வரை வைத்துக்கொள்கிற பாப்பம்மா அங்கே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் கேட்டு முடிப்பதற்குள் அவளே சொன்னாள்: "ஏன் சார், உங்க சம்சாரம்தானே? டெய்லி பேசறாங்களே, செவுரு வழியா கேக்குது. அவ்ளோ தூரத்துல இருந்து தெனம் பேசற அம்மா யாருக்கு சார் கெடைக்கும்? பாப்பா குடுத்து வெச்சது."

அன்று இரவு ரெனிட்டாவுக்கு மிஸ்டு கால் கொடுத்தான். அவள் திரும்பக் கூப்பிடவில்லை, அசந்து தூங்கியிருப்பாள். கர்த்தரே, ஒன்றாம் தேதி வரைக்கும் தாக்குப்பிடித்தால் போதும். கணக்கு மறுபடி நிரம்பும், வெள்ளிக்கிழமை அவள் முகம் முழுசாக வரும், பிள்ளை எது அம்மா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளும். இதையே நூறு தடவை சொல்லிக்கொண்டு விடியும்வரை மகளை இறுக்கிப் பிடித்துக் கிடந்தான்.

புதன்கிழமை வேலைக்குப் போகவில்லை. பாப்பம்மா வீட்டில் விட்டால் அங்கேயும் சுவர்தானே, கண் முன்னால் இருக்கட்டும் என்று ஷெரினைத் தன்னோடு வைத்துக்கொண்டான். மூன்று மணிக்கே மோடத்தைக் கழற்றி, துண்டில் சுற்றி, இரண்டு கையாலும் மடியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். வெளியே நல்ல வெயில். தெருவில் காய்கறி வண்டிக்காரன் கன்னடத்தில் கூவிக்கொண்டு போனான். ஒயர் நுனி மேசை ஓரம் சும்மா தொங்கியது. ஷெரின் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

மூன்று முப்பத்தெட்டு. காற்று நின்றது.

டெட்டால் வாசனை.

செல்போன் அடித்தது. குவைத்து நம்பர். பதறி எடுத்தான்.

"ஏங்க, ராத்திரி மிஸ்டு கால் குடுத்தியளே? டூட்டிக்கு நடுவுல இப்பதான் பாத்தேன். பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"ரெனி, நீ மத்தியானத்துல இவகிட்ட பேசுதியா? சொல்லு, பேசுதியா?"

"மத்தியானமா? எனக்கு டூட்டில்லா? வெள்ளிக்கிழமை தவிர நான் எப்ப…"

மேலே, பரணில், சூட்கேஸ் ஒன்று நகர்ந்தது.

"பாப்பா, அம்மா தெரியுதேனா?"

ரெனிட்டாவின் குரல். இரைச்சல் இல்லாமல், உடையாமல், பக்கத்து அறையில் நின்று கூப்பிடுகிற மாதிரி.

செல்போனில் ரெனிட்டாவும் அதைக் கேட்டாள். "ஏங்க… அங்க யாரு… என்னைய மாதிரியே பேசுதது?"

மடியில் மோடம் சுட ஆரம்பித்தது. பிளக் இல்லை, ஒயர் இல்லை. துண்டு கருகியது. அவன் விடவில்லை.

"அது நீ இல்ல, அது நீ இல்ல" என்று அவன் கத்தினான். "ரெனி, பேசிக்கிட்டே இரி! பிள்ளைகிட்ட பேசு!"

"பாப்… அம்… இங்… தெரி…" அவள் குரல் துண்டு துண்டாக உதிர்ந்தது. ஒரு எழுத்து. இன்னொரு எழுத்து. அப்புறம் வெறும் காற்று.

"நல்லா தெரியுதம்மா" என்றாள் ஷெரின்.

அவன் திரும்பினான். அவள் எழுந்து நின்றிருந்தாள். முகத்தை அண்ணாந்து பரணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் ஒயர். மூன்று சுற்று. எப்போது சுற்றினாள்?

ஒயர் விறைத்தது.

மோடத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அவள் இடுப்பைப் பிடித்தான். இழுத்தான். அந்தப் பக்கமும் இழுத்தது. அவசரமே இல்லாமல் இழுத்தது. ஷெரினின் கை தலைக்கு மேலே போனது. குதிகால் தரையை விட்டது.

பரணின் விளிம்பில், பட்டப்பகல் வெளிச்சத்தில், ஒரு கை ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தது. கட்டைவிரலில் குக்கர் சுட்ட தழும்பு. அவன் போட்ட மோதிரம். பதினான்கு மாதத்தில் ஒருநாள்கூட அவன் ரெனிட்டாவின் கையை அவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.