பேஷன்ஸ் தார்ன், வயது ஆறு

செத்துப்போன பிள்ளைக்கு வயது ஏறவில்லை. கஜானியை முதலில் உறுத்தியது அதுதான்.

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் கடைத்தெருவுக்கு மேலே, மூன்றாம் மாடி வீட்டில் இருந்தபடி அவள் அமெரிக்கர்களுக்கு வம்சவழி தேடிக்கொடுக்கிறாள். இந்த முறை, ஆங்கிலேயர் ஆண்ட காலத்து மாசசூசெட்ஸில் குடியேறிய தார்ன் குடும்பம். பேஷன்ஸ் என்ற ஆறு வயது மகளை அடக்கம் செய்ததாக 1702ஆம் ஆண்டுத் தேவாலயப் பதிவேடு சொன்னது. 1719ஆம் ஆண்டு ஊர்க் கணக்கெடுப்பில், எலியாஸ் பூன் என்பவரின் வீட்டில் பேஷன்ஸ் தார்ன் உயிரோடு இருந்தாள். வயது ஆறு. அதே பெயரில் வேறு பிள்ளையாக்கும் என்று கஜானி குறித்துக்கொண்டாள். 1741இல் சாமுவேல் கிரேன் எழுதிய உயிலிலும் அவள் இருந்தாள். ஆறு வயதுப் பேஷன்ஸுக்கு ஒரு கட்டில்.

பூனும் கிரேனும் தார்ன் குடும்பத்துக்கு உறவினரில்லை. பிறகு ஏன் அவர்கள் வீட்டில்?

மெற்றோ ரயில் கடந்துபோக யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழே ரோல்ஸ் பொரியும் வாசத்துக்குள் ஈரமண்ணின் நாற்றம் மெல்லக் கலந்து வந்ததை அவள் கவனிக்காமலே, ஏடுகளின் அடியில் இருந்த கையெழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அடக்கத்தைப் பதிந்தவர் எலியாஸ் பூன். கணக்கெடுப்பை எழுதியவர் சாமுவேல் கிரேன்.

எழுதியவர் வீட்டுக்குத்தான் அவள் போயிருக்கிறாள்.

காலையிலேயே கஜானி பேஷன்ஸின் பெயரைத் தட்டெழுதிவிட்டாள். இப்போது அவசரமாக அழித்தாள்.

படியில் காலடிகள். பள்ளிவிட்டு மகள் ஜெனிற்றாவைக் கூட்டிவரும் நேரம். கணவன் தனூஜனின் கனத்த நடை. ஜெனிற்றாவின் துள்ளல். இன்னொன்று. இழுபட்டு.

கஜானி கதவுச் சங்கிலியைக் கொளுவினாள்.

"கதவைத் திறவப்பா," என்றான் தனூஜன். "ரெண்டு பேரும் நனைஞ்சிட்டினம்."

"ரெண்டு பேர் எண்டால் ஆர்?"

"எங்கடை பிள்ளையள்தான். என்ன கேள்வி இது?"

ஜெனிற்றா பிரெஞ்சில் கெஞ்சினாள். அவளுக்குக் குளிருதாம், அம்மா. என்ரை கையை விடுறாள் இல்லை.

மகள் அதனுடன் வெளியே நின்றாள். கஜானி திறந்தாள்.

தனூஜன் முழந்தாளிட்டு, மற்றச் சின்னதின் சப்பாத்தைப் பக்குவமாகக் கழற்றினான். கறுத்த மண் பொலபொலவென்று கொட்டியது. காலுறையை உருவினான். தோலும் கூட வந்தது.

"பாவம், விறைச்சுப்போச்சு," என்று வெள்ளை எலும்பை இரு கைகளாலும் பொத்திச் சூடேற்றினான்.

அது கஜானியையே பார்த்துக்கொண்டிருந்தது.