ஒருதடவை பாத்துக்கட்டுமா

அன்புள்ள தம்பிக்கு,

அன்று கண் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் முடிந்து எங்களை உட்காரவைத்த அறையில் இருந்தவர்கள்: கதவை ஒட்டிய நாற்காலியில் நான், எனக்கு இடப்பக்கம் லாரி டிரைவர், அவருக்கு அப்பால் தையல்கார அக்கா. மூவருக்கும் சர்க்கரை. மூவருக்கும் காலையில்தான் கண்புரை எடுத்திருந்தார்கள். என் வலப்பக்கம் ஜன்னலோரத்தில் இன்னொருவர். அவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எனக்குப் பார்வை உள்ளது ஒரே கண்ணில்தான். மற்றது சர்க்கரையால் உள்ளே ரத்தம் கசிந்து போனது உனக்குத் தெரியும். அந்த ஒரு கண்ணுக்கும் கட்டுப் போட்டதில் எனக்கு முழு இருட்டு. குனியக் கூடாது, கட்டைத் தொடக் கூடாது, தனியாக எழுந்து நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு நர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

டிரைவர் சும்மா இருக்கவில்லை. "அக்கா, கட்டைப் பிரிச்சதும் மொதல்ல என் மூஞ்சியப் பாத்துடாதீங்க. மறுபடியும் புரை வந்துடும்."

"ஊசியில நூல் கோக்கணும்னு பண்ணிக்கிட்ட ஆபரேஷன்யா. உன்னப் பாத்து வீணாக்குவேனா?"

சிரித்தோம். வலப்பக்கத்திலிருந்து சிரிப்பு வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது. கூடவே, ஸ்பிரிட் நெடியை மீறிக்கொண்டு ஒரு சீழ் வாடை.

"உங்களுக்குச் சர்க்கரை இறங்கிச்சா?" அவர் என் வலக் காதோரம் மெல்லக் கேட்டார்.

"இறங்குற வரைக்கும் டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதியே குடுக்கலைங்க. உங்களுக்கு?"

"நான் டெஸ்ட்டுக்கு முன்னாடி பட்டினி கிடந்து இறக்கிக் காட்டினேன். ஆபரேஷன் பண்ண கண்ணுல சீழ் புடிச்சிடுச்சு. அப்புறம் எதையுமே பாக்கல."

"அடப் பாவமே."

"உங்க கண்ணால ஒருதடவை பாத்துக்கட்டுமா?"

ஏதோ ஆற்றாமையில் பேசுகிறார் என்று நினைத்தேன். யார் என்ன கேட்டாலும் சரி சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. "தாராளமா பாத்துக்குங்க. என்ன குறைஞ்சிடப் போகுது?" என்றேன்.

ஒரு விரல் என் கட்டின் மேல் வந்து நின்றது.

ஈரமாக இருந்தது.

எழ முடியாது. குனிய முடியாது. கதவு எந்தப் பக்கம் என்பதே மறந்துவிட்டது.

"சார், யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?" ஒரு கண் கட்டில்லாத டிரைவரின் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "அந்தப் பக்கம் யாரும் இல்லையே."

மறுநாள் கட்டைப் பிரித்து, கண் அருமையாக இருக்கிறது என்றார் டாக்டர். உண்மைதான். சுவரில் ஊரும் எறும்புகூடத் தெரிகிறது. ஆனால் நான் பார்க்க நினைக்கும் பக்கம் அது திரும்புவதில்லை; இந்தக் கடிதத்தைக்கூடக் கைப்பழக்கத்தில்தான் எழுதுகிறேன். நான் மூட நினைத்தாலும் அது மூடுவதில்லை. தூக்கத்திலும் திறந்தபடி அறை முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறதாம், உன் அண்ணி சொல்கிறாள்.

ஒருதடவை என்றுதான் கேட்டார். இன்னும் பார்த்து முடிக்கவில்லை.

நீயும் பட்டினி கிடந்து சர்க்கரையைக் குறைத்துக் காட்டி, கண்புரை ஆபரேஷனுக்குச் சீக்கிரம் தேதி வாங்கப்போவதாக எழுதியிருந்தாய். வேண்டாமடா. எத்தனை மாதம் ஆனாலும் முறையாக இறங்கட்டும். அந்த அறையில் யார் எதைக் கேட்டாலும் வாய் திறக்காதே.

இதை எழுதும்போதே உன் அண்ணி சொட்டு மருந்து போட வந்தாள். கீழிமையை இழுத்துக் கண்ணுக்குள் பார்த்தவள், சட்டென்று தன் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே சுவர்தான். மறுபடி என் கண்ணைப் பார்த்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லைங்க. லெட்டரக் குடுங்க, நானே போய்ப் போட்டுட்டு வரேன்."

மருந்து போடவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி கையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். உறையை ஒட்டி அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.