இருக்கிறது என்ற பதில்

அந்த ஆள் இணையதளத்தின் நுழைவுப் பக்கத்தைத் தட்டவே இல்லை. பிராங்குக்கு முதலில் உறுத்தியது அதுதான். யார் வந்தார்கள், எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள், என்ன பதில் போனது என்று வரிவரியாகப் பதிவாகும் சர்வர் லாகில் அவன் எத்தனையோ திருடர்களைப் பார்த்திருக்கிறான். எல்லோரும் கடவுச்சொல் கேட்கும் இடத்தில்தான் வந்து முட்டுவார்கள். இவனோ வெறும் பெயர்களைக் கேட்டான். நாகப்பன். லூர்தம்மாள். பார்வதம். அப்படி ஒரு பக்கமும் தளத்தில் கிடையாது. 'இல்லை' என்று சர்வர் சொல்லும். அடுத்த பெயர் வரும். பல வாரங்களாக இதே கதை.

அரைவேக்காடு என்று நினைத்துக்கொண்டான் பிராங்க். அவன் கணக்கில் உலகத்தில் பாதிப்பேர் அரைவேக்காடுகள். மீதிப்பேர் அவனுக்கு வேலை கொடுக்கிறவர்கள், அவர்கள் இன்னும் மோசம். இந்தத் தளத்தின் முதலாளி எத்திராஜ், திருவேற்காட்டில் பேனர் அடித்துக்கொண்டிருந்தவர். இப்போது இணையத்தில் கண்ணீர் அஞ்சலி போடுகிறார்: செத்தவர் படம், சுற்றிலும் ரோஜாப்பூ, திறந்தவுடன் அழுகிற புல்லாங்குழல். சேக்காட்டு மாடி வீட்டில் உட்கார்ந்து, அசிங்கத்தை அள்ளுகிறவனைப் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைக் காவல் காத்தான் பிராங்க்.

"சைட்டு நகரவே மாட்டுது நைனா," என்றார் எத்திராஜ் போனில். "இன்னா பண்ணிகினு கீற?"

"எவனோ வெளையாடுறாண்ணே. பாத்துக்கறேன்."

வந்த முகவரியைத் தடுத்தான். வேறொரு முகவரியிலிருந்து அதே பெயர்கள் வந்தன. அதையும் தடுத்தான். மறுபடி வந்தன. கடைசியில் ஒரு பொறி வைத்தான். இனி எந்தப் பெயரைக் கேட்டாலும் சர்வர் 'இருக்கிறது' என்று சொல்லி, ஒரு வெற்றுப் பக்கத்தைத் துளித்துளியாக அனுப்பும். கேட்டவன் அதற்காகக் காத்துக் கிடந்தே ஓய்ந்துபோவான்.

"இல்லாத பேர இருக்குதுன்னு சொன்னா தப்பாய்டாதா?" என்று கேட்டார் எத்திராஜ்.

"ஒங்களுக்குப் புரியாதுண்ணே. வுடுங்க."

மறுநாள் மத்தியானம் எத்திராஜின் குரல் இறங்கியிருந்தது. "காலைலேர்ந்து ஒரே சாவு நைனா. நசரத்பேட்டைல பழக்கடை வச்சிருந்தாரு நாகப்பன். லூர்தம்மாள்னு ஒரு டீச்சரு. பார்வதம்னு ஒரு பொண்ணு, படிச்சிகினு இருந்திச்சாம். எல்லாம் நேத்து வரைக்கும் நல்லா இருந்தவங்க. நீ கொஞ்சம் அந்த படத்தெல்லாம் ஏத்திட்றியா?"

பிராங்க் போனை வைத்துவிட்டு லாகைத் திறந்தான். மூன்று பெயர்களும் இருந்தன. இத்தனை வாரமும் ஒவ்வொன்றின் எதிரேயும் 'இல்லை'. நேற்று மட்டும் 'இருக்கிறது'.

தற்செயல் என்றான். சத்தமாகவே சொன்னான். இதையெல்லாம் நம்புகிறவர்களைப் பற்றி அவன் என்ன நினைப்பான் என்பது அவனுக்கே தெரியும்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கம்பியில் தண்ணீர் சொட்டும் ஓசை, ஈரச் சுண்ணாம்பு வாசனை, சமையலறையில் அவன் மனைவி ரெனிதா தாளிக்கிற கடுகு வெடிக்கும் சத்தம், கீழ்வீட்டில் உத்தமன் எப்போதும்போல அலறவிட்டிருந்த டிவி செய்தி. ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனதிலிருந்து அந்த மனிதருக்குக் காது மந்தம் என்று பிராங்க் பல்லைக் கடிப்பான். லாகில் புதிய வரி விழுந்தது.

உத்தமன். இருக்கிறது.

கீழே ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே அவர் மனைவி தாயம்மாளின் குரல். "என்னங்க. இந்தா, என்னங்க." பிறகு அது வெறும் ஓலம்.

பிராங்க் கீபோர்டை இழுத்தான். பொறியை எடுக்க வேண்டும். தப்பாக அடித்தான். அழித்தான். மறுபடி அடித்தான். பொறி போய்விட்டது.

அடுத்த வரி.

ரெனிதா. இல்லை.

மூச்சு வந்தது.

ரெனிதா. இல்லை.

ரெனிதா. இல்லை.

அப்புறம் ஒன்றும் வரவில்லை. திரை அசையாமல் நின்றது. கீழே ஓலமும் நின்றிருந்தது. மழை மட்டும். அவனுக்குச் சிரிப்புகூட வந்தது. இவ்வளவுதானே. ஒரு கதவைச் சாத்தினால் திரும்பிப் போகிற ஜென்மம்.

"ரெனிதா?"

வாசலில். ஆண் குரலா, பெண் குரலா. விலாசம் கேட்பது போல, அவ்வளவு பணிவாக.

வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தான். அதற்குள் பதில் போய்விட்டது.

"ஆங், கீறேன், கீறேன்," என்றாள் ரெனிதா, சமையலறையிலிருந்து. "தோ வரேன்."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவன் அறையைக் கடந்து போனாள். தாழ்ப்பாள் இழுபட்டது. மழைச்சத்தம் வீட்டுக்குள் வந்தது.

அவன் எழுந்து எட்டிப் பார்த்தான். திறந்த கதவுக்கு வெளியே படிக்கட்டு காலியாக இருந்தது. ரெனிதா மரியாதையாகச் சிரித்தபடி, குறுகலான வாசலில் பெருங்கூட்டத்துக்கு வழி விடுவதுபோல, சுவரோடு சுவராக ஒட்டி, இன்னும், இன்னும் ஒதுங்கிக்கொண்டே இருந்தாள்.