இவரை நம்பியிருப்போர்

பொதிகைக்குகையில் புதன்கிழமைதோறும் தலை திறப்பார்கள்.

நிலவின் தரைக்கு அறுபது மீட்டர் கீழே, எரிமலைக் குழம்பு ஓடிக் காய்ந்த குகைக்குள் நாலாயிரம் பேர் குடியிருந்தார்கள். அவர்களில் யாருக்கு மூளைச்சில்லு பொருத்துவதானாலும் புதன் காலை பொருத்தகத்துக்கு வந்துவிட வேண்டும். வலி கிடையாது. காதுக்குப் பின்னால் மரத்துப்போக ஒரு தைலம், விரல்நகம் அகலத்துக்கு ஒரு திறப்பு, பத்து நிமிஷம். வெளியே சொந்தபந்தங்கள் பாசிமாவுப் பணியாரம் தின்றபடி காத்திருப்பார்கள். பொருத்தி முடிந்ததும் சில்லின் வகையையும் தகுதியையும் ஒலிபெருக்கியில் வாசிப்பது அந்த ஊர் வழக்கம். கல்யாண வீட்டில் சீர் வாசிப்பார்களே, அதுபோல. யார் தலைச்சில்லில் வேலை செய்யும் கருக்கள் எத்தனை என்பது அன்று மதியத்துக்குள் குகை முழுக்கத் தெரிந்துவிடும்.

அந்த வாசிப்புக்காகவே ஆவுடையப்பன் மூன்று வருஷம் காத்திருந்தார்.

அவருக்கு மூன்றாம் காற்றுப்பூட்டில் மேற்பார்வை வேலை. கலம் வந்தால் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். காற்று நிரம்பியதும் சிவப்புப் பொத்தான். ஒரு நாளைக்கு ஆறு கலம் வரும். ஒன்று முடிந்துதான் இன்னொன்று. அதைக் குறையில்லாமல் செய்தார் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். வேலை முடிந்து வந்தால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் ஒரே விஷயத்தை விதவிதமாகச் சொல்வார். "தெருவுல நாப்பது வீடு இருக்கு. ஒரு சத்தம் உண்டா நம்ம வீட்டுல? ஏன்னா, வீட்டை நாந்தான் நடத்துதேன்."

இருபத்து நாலு வருஷமாக இதைச் சொல்லிவந்தார். இப்போது தெருவையும் நடத்தலாம் என்று தோன்றிவிட்டது. கிழக்குத்தெரு மன்றத் தலைவர் தேர்தலுக்கு இன்னும் ஒரு மாதம்தான். எதிர்த்து நிற்பவன் பக்கத்து வீட்டுச் சுடலைமுத்து. அவன் தலையில் போன வருஷமே சில்லு ஏறியாயிற்று. எட்டுக் கரு மடிச்சில்லு. ஆவுடையப்பன் தலையோ இன்னும் பிறந்தபடியே இருந்தது. இந்தத் தேர்தலில் தோற்றால் வாசலில் நாற்காலி போட முடியாது என்று அவர் உறுதியாக நம்பினார்.

இந்த வருஷ ஒதுக்கீட்டில் அவர் குடும்பத்துக்கு இரண்டு சில்லுகள் வந்தன. மனைவி வடிவையும் அழைத்துக்கொண்டு பொருத்தகத்துக்குப் போனார்.

சில்லு பொருத்தும் மெகருன்னிசா இரண்டு தட்டுகளை முன்னால் வைத்தாள். "என்ன உபயோகத்துக்கு அண்ணாச்சி?"

"அதை விடும்மா. உள்ளதுலயே பெருசு எது?"

"பெருசு சிறுசுன்னு பாக்கப்படாது. இது மடிச்சில்லு. அந்தக் காலத்துல மடியில வச்சுப் பாக்கிற கணினிக்குன்னு செஞ்ச வம்சம். எட்டே கரு, ஆனா ஒவ்வொண்ணும் குதிரை. ஒரு ஆளோட ஒரு வேலையை எடுத்தா பறந்து முடிச்சிரும். முடிச்சா தூங்கிரும். சூடும் இல்ல. அந்தா இருக்கே, அது வழங்கிச்சில்லு. ஊருக்கே பொதுவா வேலை செஞ்ச பெரிய கணினியோட வம்சம். நூத்தி இருபத்தெட்டுக் கரு. தனித்தனியாப் பாத்தா ஒவ்வொரு கருவும் நிதானம்தான். ஆனா நூறு பேரு நூறு வேலை கேட்டாலும் ஒரே நேரத்துல செய்யும். தப்பு வந்தா அதுவே திருத்திக்கிடும். ராத்திரி பகல் நிக்காது."

"நூத்தி இருபத்தெட்டு!" என்றார் ஆவுடையப்பன். மற்றதெல்லாம் அவர் காதில் விழவில்லை.

"அண்ணாச்சி, நம்ம குகையில பொதுவண்டி ஓடுதுல்லா? பெரிய வண்டிதான். ஆனா அதுல ஏறிப் போறது மத்தவங்க. உங்களுக்குப் பொத்தான் வேலை. மடிச்சில்லே தாராளம்."

"சுடலைமுத்து வச்சிருக்கதையா என் தலையிலயும் வைக்கச் சொல்லுத? பெருசை எனக்கு வையி. இவளுக்குச் சின்னது போதும்."

வடிவுக்கு அதில் வருத்தமில்லை. நாற்பத்தேழு வயதில் அவள் தாவுகல ஓட்டுநர் தேர்வுக்கு மனுப் போட்டிருந்தாள். பள்ளத்திலிருந்து பள்ளத்துக்குச் சரக்கோடு தாவும் கலம் அது. கல் தெறித்து வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் திருப்ப வேண்டும். சின்னப் பிள்ளையிலிருந்தே அவளுக்கு அந்த ஆசை. நேரந்தான் வாய்க்கவில்லை. இத்தனை நாள் என்ன செய்தாள் என்று கேட்டால் ஆவுடையப்பன், "சும்மா வீட்டுலதான் இருக்கா," என்பார்.

வழங்கிச்சில்லுக்கு மட்டும் கூடுதலாக ஒரு படிவம் உண்டு. அதில் ஒரு கட்டத்தின் தலைப்பு: "இவரை நம்பியிருப்போர்." அதைப் படித்ததும் ஆவுடையப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன் வாழ்க்கையையே ஒரு படிவம் புரிந்துகொண்டதாக அவருக்குத் தோன்றியது. அப்பா பெயரை எழுதினார். மகள் பூரணி, மகன் கதிர்வேலு, மேலத்தெருவில் கட்டிக்கொடுத்த தங்கை, அவள் புருஷன், அவர்களுடைய மூன்று பிள்ளைகள், பூமியில் தென்காசிப் பக்கம் இருக்கும் சித்தப்பா, சித்தி. இடம் மிச்சமிருந்தது. வடிவு பெயரையும் எழுதினார். மொத்தம் பதினொன்று.

மெகருன்னிசா தயங்கினாள். "எழுதினா எழுதினதுதான் அண்ணாச்சி. இவுக வீட்டுச் சுவர், அடுப்பு, காத்து வடிகட்டி, பிள்ளைகளோட பள்ளிக்கூடம் எல்லாம் கேக்குற கேள்வி இனி உங்க தலைக்குத்தான் நேரா வரும். சட்டம் அப்படி."

"வரட்டுமே! இத்தனை நாளும் வேற எங்க போச்சாம்?"

வடிவு பணியாரத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி அவரை ஒருமுறை பார்த்தாள்.

வழங்கிச்சில்லு சூடாகும். அதனால் தலையில் குளிர்பாகை கட்டினார்கள். மெல்லிய குழாய்கள் ஓடும் வெள்ளித் துணி, உச்சியில் சின்னதாக ஒரு விசிறி. கண்ணாடியில் பார்த்தபோது ஆவுடையப்பனுக்குத் தன்னையே கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஒலிபெருக்கி வாசித்தது: "கிழக்குத்தெரு ஆவுடையப்பன். வழங்கிச்சில்லு. நூற்று இருபத்தெட்டுக் கரு. நம்பியிருப்போர் பதினொருவர்." கூட்டம் வாயைப் பிளந்தது. சுடலைமுத்து முகம் சுருங்கியதை ஆவுடையப்பன் கண்ணாரப் பார்த்தார். அடுத்து, "வடிவு. மடிச்சில்லு. எட்டுக் கரு," என்று வாசித்தபோது இரண்டு பேர் அவளுக்காக உச்சுக்கொட்டினார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே முதல் கேள்வி வந்தது. சத்தமில்லை; தலைக்குள் தானாக ஒரு எண்ணம் தோன்றுவதுபோல இருந்தது. *மதியத்துக்கு எத்தனை பேர்?* 'அஞ்சு' என்று நினைத்தார். அடுப்பு பற்றிக்கொண்டது. ஆவுடையப்பன் நின்ற இடத்திலேயே பாகையைத் தடவிக்கொண்டார். நினைத்ததும் அடுப்பு எரிகிறது! ராஜாக்களுக்குக்கூட இது கிடைத்திருக்காது.

முதல் மூன்று நாள் அந்தப் பெருமையிலேயே போயிற்று. அப்புறம் கேள்விகள் குவிந்தன. *அப்பாவுக்கு மஞ்சள் மாத்திரை கொடுத்தாயிற்றா? இரண்டாம் வடிகட்டி அடைக்கப் போகிறது, இன்றா நாளையா? பூரணிக்கு வெள்ளைச் சட்டை வேண்டும். கதிர்வேலு மதியம் சாப்பிடவில்லை, கோபமா காய்ச்சலா? தங்கை மாமியாருக்குப் பிறந்தநாள், யார் முதலில் பேசுவது? சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன சொல்லித் தப்பிப்பது? உளுந்து தீரப்போகிறது. தண்ணீர் முறை மாறுகிறது.* எதுவும் பெரிய வேலை இல்லை. ஒவ்வொன்றும் இரண்டு நொடிதான். ஆனால் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று நிற்காமல், ஒன்றை மறந்தால் இன்னொன்று கெடும்படியாக, நாள் முழுக்க வந்தன. முன்பெல்லாம் இதே கேள்விகளைச் சுவர் வாய்விட்டுக் கேட்கும், வீட்டில் யாராவது பதில் சொல்வார்கள். யார் சொன்னார்கள் என்று அவர் கவனித்ததில்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. வழங்கிச்சில்லின் விதிப்படி கேட்டவர்களுக்கு முதலில் பதில். தன் சொந்த யோசனைக்குக் கடைசி இடம். ஆவுடையப்பன் ஏதாவது நினைக்க விரும்பினால் அந்த நினைப்பு வரிசையில் போய் நிற்கும். காலையில் யாரோ சொன்ன பகடிக்கு அவருக்கு மதியம் சிரிப்பு வந்தது. காற்றுப்பூட்டில் பச்சையை அழுத்திவிட்டுச் சிவப்பை மறந்து நின்றார்.

தேர்தல் கூட்டம் அந்த மாதக் கடைசி ஞாயிறு காலை பத்து மணிக்கு; பேச்சு முடிந்ததும் அங்கேயே வாக்கெடுப்பு. மன்றத்தில் முந்நூறு பேர். அன்றைக்குத்தான் வடிவுக்கும் தேர்வு. குளிர்பாகையில் புதுச் சரிகை வைத்துத் தைத்துக்கொண்டு ஆவுடையப்பன் மேடை ஏறினார்.

"கிழக்குத்தெரு வாசிகளே! நம்ம தெருவோட எதிர்காலம்..." என்று கம்பீரமாக ஆரம்பித்தார். "எதிர்காலம் இந்தத் தேர்தல்லதான்... வெள்ளைச் சட்டையை இப்பவே ஊறப்போடணும். நம்ம பிள்ளைகளுக்கு நல்ல காத்து வேணும். அதுக்கு நான்... மஞ்சள் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்ன, நீலம் பின்ன. மாத்திக் கொடுத்திரப்படாது. என் எதிரி சொல்லுதான்... மாவு பொங்கிருச்சு, மூடியைத் திற!"

மன்றம் அதிர்ந்தது. சிரித்துச் சிரித்துச் சுடலைமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருத்தி, "அண்ணாச்சி, வெள்ளைச் சட்டைன்னா கடைசி அலசுல ரெண்டு சொட்டு நீலம் விடணும்," என்று அக்கறையாகச் சொன்னாள்.

ஆவுடையப்பன் தோற்றார். வாக்கு வித்தியாசத்தை இங்கே சொல்லி அவரை இன்னும் நோகடிக்க வேண்டாம்.

வடிவு ஜெயித்தாள். முப்பத்தொரு பேர் எழுதிய தேர்வில் முதலிடம். மாதிரிக் கலத்தின்மேல் பறந்து வந்த கல்லை யாரும் அதற்கு முன் விலக்காத வேகத்தில் விலக்கியிருந்தாள். வாசலில் நின்று அவள் சொன்னபோது ஆவுடையப்பன் வெறுமனே தலையாட்டினார். அவளும் உள்ளே போய்விட்டாள். நாற்பது நிமிஷம் கழித்து, அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த சமயத்தில், வரிசையில் நின்ற பெருமை அவரிடம் வந்து சேர்ந்தது. பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. "ஏட்டி வடிவு! முப்பத்தொரு பேருல மொதல் ஆளா நீ?" என்று எழுந்து நின்று கத்தினார். அது அப்பழுக்கில்லாத பெருமை. கொஞ்சம் ஆறிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த புதன்கிழமை இருவரும் பொருத்தகத்துக்குப் போனார்கள். வடிவு ஓட்டுநர் உடுப்பில் இருந்தாள். பதினொரு மணிக்கு அவளுக்கு முதல் தாவல்.

"சில்லு கோளாறு," என்றார் ஆவுடையப்பன். "தலையில சந்தை கூடிருக்கு. எவனோ ஊர் வேலையெல்லாம் என் தலையில கட்டிவிட்டிருக்கான்."

மெகருன்னிசா அரைமணி நேரம் சோதித்தாள். "சில்லுல ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி. நூத்தி இருபத்தெட்டுக் கருவும் நிக்காம ஓடுது. அத்தனையும் உங்க வீட்டு வேலைதான். வெளியாள் வேலை ஒண்ணுகூட இல்ல."

"என் வீட்டுல ஏதும்மா இவ்வளவு வேலை? திடீர்னு எங்க இருந்து வந்துச்சு?"

"திடீர்னு வரல. உங்க வீட்டுச் சுவரோட பழைய பதிவை எடுத்துப் பாத்தேன். இருபத்து நாலு வருஷமா இதே அளவுதான் இருக்கு. ஒரு நாள்கூடக் குறையல."

"அப்ப இதுக்கு முன்ன எந்தச் சில்லுல ஓடுச்சு?"

"சில்லே இல்லாம ஓடிருக்கு அண்ணாச்சி," என்று மெகருன்னிசா திரையைத் திருப்பிக் காட்டினாள். மேலிருந்து கீழ்வரை, கேள்விக்கு ஒன்றாக, பதில் சொன்னவர் என்ற இடத்தில் வடிவு, வடிவு, வடிவு என்று ஓடிக்கொண்டே இருந்தது.

ஆவுடையப்பன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்ன தோன்றியிருக்கும் என்று நாம் ஊகிக்க வேண்டியதுதான், ஏனென்றால் அவருக்கே அது இன்னும் வந்து சேரவில்லை. பழக்கம் மட்டும் வரிசையில் நிற்காமல் முந்திக்கொண்டது. "அப்ப அந்தப் பட்டியலைத் தூக்கி அவ பேருக்கே மாத்திரும்மா. அவளுக்குத்தான் பழகிருக்கே."

"மாத்தலாம். அவங்க தலையிலயும் வழங்கிச்சில்லு இருக்கணும். உங்க குடும்பத்துக்கு அடுத்த ஒதுக்கீடு ஆறு வருஷம் கழிச்சுத்தான்."

இருவரும் வடிவைப் பார்த்தார்கள். அவள் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னோடது மடிச்சில்லுங்க. ஒரு நேரத்துல ஒரு வேலைதான் ஓடும். சின்னது போதும்னு நீங்கதானே எடுத்துக் கொடுத்திய?" குரலில் குத்தல் துளியும் இல்லை. கலத்துக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டாள்.

ஆவுடையப்பன் தனியாக வெளியே வந்தார். வாசலில் சுடலைமுத்து, புதுத் தலைவரின் பட்டையை மார்பில் மாட்டிக்கொண்டு நாலு பேரோடு நின்றான். "என்ன அண்ணாச்சி, வீட்டம்மா வானத்துல தாவுதாகளாமே? இப்ப வீட்டை யாரு நடத்துதது?"

ஆவுடையப்பன் குளிர்பாகையை நிமிர்த்திக்கொண்டார். விசிறி கிறுகிறுவென்று சுற்றியது.

"நாந்தான் நடத்துதேன்," என்றார்.

இருபத்து நாலு வருஷமாகச் சொல்லிவந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக அது உண்மையாக இருந்தது. அதற்காகக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ள நினைத்தார். அந்த நினைப்பும் வரிசையில் போய் நின்றது. அதற்கு முன்னால் நாற்பத்தொரு கேள்விகள் இருந்தன. முதல் கேள்வி, இட்லிக்கு உளுந்து ஊறப்போட்டாயிற்றா என்பது.