வீட்டுக்கு வரச் சொன்னார்கள்

அன்று காலை ஒன்பது மணிக்குள் பணிவி சஷ்டிகாவுக்காக இரண்டு முறை மன்னிப்புக் கேட்டிருந்தது. ஒருமுறை மின்னாட்டோ ஓட்டியவரிடம். மறுமுறை அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், கூட்டிப் பெருக்கும் அம்மாளிடம். எதற்கு என்று சஷ்டிகாவுக்குத் தெரியாது. கேட்டது என்பதே அவளுக்குத் தெரியாது. அதுதானே பணிவியின் அருமை!

சட்டைப் பொத்தான் அளவுதான் அந்தக் கருவி. மருத்துவத் துறையில் சம்பளம் வாங்கும் அத்தனை பேரும் அதை அணிந்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்து எட்டு வருடம் ஆகிறது. அணிந்தவர் பேச்சில் ஏளனமோ அலட்சியமோ தலைகாட்டினால் இரண்டே நொடியில் மோப்பம் பிடித்துவிடும். எதிரில் இருப்பவரின் தாய்மொழியில், அவர் காதில் மட்டும் விழுமாறு ஒரு ஒலிக்கற்றையை அனுப்பி, உருக்கமாக மன்னிப்புக் கேட்கும். அணிந்தவருக்கு அது கேட்காது. டாக்டர்களின் மனம் புண்பட்டுவிடக் கூடாது அல்லவா? கேட்டவர் மன்னிப்பை ஏற்றுக்கொண்டால் விவகாரம் முடிந்தது. என்ன நடந்தது என்ற பதிவும் அழிந்துவிடும்.

கோவையில் இருந்த மலைவட்டார மருத்துவ நெறியாணையத்தில் சஷ்டிகா கண்ணிய ஒருங்கிணைப்பாளர். மலைவாழ் மக்களை மருத்துவமனைகள் மரியாதையாக நடத்துகின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை. பணிவிக்கு மன்னிப்பு வாசகம் எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பெருக்கும் அம்மாளின் அறை வாசலில் எப்போதும் கிடக்கும் முக்காலியையும், அதன் பக்கத்தில் தட்டு போட்டு மூடிய செம்பையும் சுற்றிக்கொண்டு போய் மின்தூக்கியில் ஏறினாள். நாலாவது மாடியில் தன் மேசைத் தூசியைத் தானே துடைத்தாள். மற்ற மாடிகளெல்லாம் பளபளவென்று இருக்க, தன் மாடிக்கு மட்டும் ஏன் யாரும் கூட்ட வருவதில்லை என்று அவளுக்குப் புரிந்ததே இல்லை.

அன்றைக்கு அவளைக் குழப்பிய விஷயம் வேறு. சுவர்த்திரையில் ஈங்கை மலை மருத்துவமனையின் கண்ணிய அளவெண் பச்சையாக மின்னியது: 97.4. மாநிலத்திலேயே முதலிடம். மன்னிப்புக் கேட்கப்பட்ட ஈங்கையர்களில், அதாவது அந்த மலைப் பழங்குடியினரில், நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர், “சரி, வீட்டுக்கு வாங்க” என்று சொல்லியிருந்தார்கள். புண்படுத்திய டாக்டரையே விருந்துக்கு அழைக்கும் அளவுக்கு நல்லுறவு! ஆனால் அதற்குக் கீழே இருந்த இன்னொரு கோடு படிப்படியாக இறங்கித் தரையைத் தொட்டிருந்தது. கடந்த மாதம் அந்த மருத்துவமனைக்கு வந்த ஈங்கையர்களின் எண்ணிக்கை பூஜ்யம்.

இரண்டு கோடுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். தலைகால் புரியவில்லை.

“இதுல என்ன குழப்பம்? மரியாதை கூடினா மனசு நல்லாருக்கும். மனசு நல்லாருந்தா நோய் வராது,” என்றார் ஆணையத் தலைவர் கவின்ராஜ்.

“ஒரு ஆளுக்குக்கூடவா சார் காய்ச்சல் வராது?”

“எண் பச்சையா இருக்குல்ல மேடம்? பச்சைய எதுக்குக் கிண்டறீங்க?”

அவள் கிண்டியிருக்கவும் மாட்டாள். ஆனால் அன்று மதியம் மலைச் சுகாதாரப் பணியாளர் ஒரு படம் அனுப்பினார். கெம்பி என்ற பெண்ணின் வலது பாதம். சர்க்கரை நோய்ப் புண் கறுத்துப்போயிருந்தது. ஐந்து மாதத்துக்கு முன் ஒரே ஒருமுறை மருத்துவமனைக்கு வந்தவள், அப்புறம் எட்டிப் பார்க்கவில்லையாம். இன்னும் நாலு நாளில் சிகிச்சை தொடங்காவிட்டால் பாதத்தை எடுக்கவேண்டி வரும். கூப்பிட்டால் சிரிக்கிறாள், வரமாட்டேன் என்கிறாள். அந்த ஊருக்கு இருக்கும் ஒரே ஜீப்பை ஓட்டுவது அவள்தான். பிரேக்கை மிதிக்கும் கால் அது.

மறுநாள் விடிந்ததும் சஷ்டிகா மலையேறினாள்.

* * *

டாக்டர் ரித்விக்கை யாருக்கும் பிடிக்காமல் போகாது. முப்பது வயது, சிரித்த முகம். விருப்பப்பட்டு மலைக்கு மாற்றல் வாங்கி வந்தவர்.

“என் மேல ஒரு புகார்கூடக் கிடையாதுங்க மேடம். வேணும்னா பாருங்க.”

அவள் பார்த்தாள். புகார் உண்மையிலேயே இல்லை. ஆனால் இரண்டு வருடத்தில் அவர் பெயரில் பணிவி கேட்ட மன்னிப்பு முந்நூற்றுப் பதினொன்று.

ரித்விக் திருதிருவென்று விழித்தார். “முந்நூத்திப் பதினொண்ணா? நானா? யாரை, என்ன சொன்னேன்?”

“எனக்கும் தெரியாதுங்க. பதிவு அழிஞ்சிருச்சு.”

“அப்ப யாருக்குத் தெரியும்?”

சஷ்டிகா மணிக்கட்டுத் திரையை அணைத்தாள்.

“உங்க பேர்ல எத்தனை இருக்குது மேடம்?” என்று கேட்டார் அவர், குத்தலாக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ள.

“நான் பார்த்ததில்ல,” என்றாள். ஏனோ முகம் சூடாகியது.

கெம்பியின் ஊர் மருத்துவமனையிலிருந்து அரைமணி நேர நடை. இருபது வீடுகள். ஊருக்குள் நுழைந்ததும் சஷ்டிகாவின் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான். எல்லா வீட்டு வாசலிலும் ஒரு முக்காலி கிடந்தது. சில வீடுகளில் இரண்டு, மூன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூடிய செம்பு. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று ஒரு கணம் தோன்றியது. எங்கே என்று பிடிபடவில்லை.

கெம்பி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, ஜீப்பின் மின்கலத்துக்கு வயர் சுற்றிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். காலில் சுற்றியிருந்த துணியிலிருந்து நாற்றம் வந்தது.

“ஏம்மா, காலு போயிருமாம். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கிறியாமே, டாக்டர் மேல கோபமா?”

“கோபமெல்லாம் இல்லீங்கக்கா. அவருக்கு எங்கள ஆகல. ஆகாதவங்க வாசலுக்குப் போய் நிக்கிறது மரியாதையா? அதான் யாரும் போறதில்ல.”

“ஆகலன்னு யார் சொன்னா? அவர் மன்னிப்புக் கேட்டாரே!”

“கேட்டாரு. நானும் சரி, வீட்டுக்கு வாங்கன்னேன். வரல.”

“நிஜமாவே வரச் சொன்னீங்களா?”

“பின்ன? தப்பு பண்ணவங்க வீட்டுக்கு வரணும். முக்காலில உக்காந்து, என்ன தப்புன்னு அவங்க வாயால சொல்லணும். நாங்க தண்ணி குடுப்போம், குடிக்கணும். அதோட முடிஞ்சுது. முக்காலி போட்டு, தினமும் செம்புல தண்ணி மாத்தி, மூணு அமாவாசை பாப்போம். வரலன்னா அவங்களுக்குப் பிரியமில்லன்னு விட்டுருவோம்.” கெம்பி அவளைச் சற்று வியப்போடு பார்த்தாள். “ஏங்க்கா, உங்க ஊர்ல சும்மாவா வீட்டுக்கு வாங்கம்பாங்க?”

சஷ்டிகா நேற்று மட்டும் எத்தனை பேரிடம் அப்படிச் சொன்னோம் என்று எண்ணிப் பார்த்தாள். ஆறு பேர். அந்த ஆறு பேரில் ஒருவர் நிஜமாகவே வந்து கதவைத் தட்டியிருந்தால் வெலவெலத்துப் போயிருப்பாள். எட்டு வருடமாகச் சுவரில் பச்சையாக மின்னிய எண், இருபது வீட்டுக்காரர்கள் தினமும் செம்பில் தண்ணீர் மாற்றி வைத்துக் காத்திருந்த கணக்கா? நானாவது நேரில் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்து வாயைத் திறந்தாள்.

அவள் மூச்சு இழுத்ததுதான் தெரியும், பணிவி முந்திக்கொண்டிருக்க வேண்டும். கெம்பி சட்டென்று அவள் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். பிறகு அலுப்போடு, ஆனால் பழக்கம் விடாமல், “சரி, வீட்டுக்கு வாங்க,” என்றாள் பொத்தானிடம்.

சஷ்டிகாவின் மணிக்கட்டுத் திரை மெல்ல அதிர்ந்தது. *ஏற்கப்பட்டது. அளவெண் 97.5.*

அவள் பணிவியைப் பிய்த்துக் கைப்பைக்குள் போட்டு, ரித்விக்கைப் போனில் கூப்பிட்டாள்.

“நோயாளி வீட்டுக்குப் போறது விதி பதினாலுப்படி குத்தமாச்சே மேடம்?”

“அந்த விதிய எழுதினது நான்தான். கிளம்பி வாங்க. பொத்தானக் கழட்டி வெச்சிட்டு வாங்க.”

* * *

ரித்விக் முக்காலியில் உட்கார்ந்தபோது வாசலில் ஊரே கூடியிருந்தது. குனிந்தபடி, “என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லுங்க, மன்னிப்புக் கேக்கிறேன்,” என்றார்.

“நீங்கதான் சொல்லணும்,” என்றாள் கெம்பி. “பட்டவங்க வாயால அதத் திருப்பிச் சொல்லக் கூடாது.”

“எனக்குத் தெரியலையேங்க.”

சொன்னவருக்கு நினைவில்லை. கேட்டவள் சொல்லமாட்டாள். கேட்ட பொறியோ அழித்துவிட்டது. பாதத்துக்கு இன்னும் மூன்று நாள்.

“உத்தேசமாச் சொல்லுங்க டாக்டர்,” என்றாள் சஷ்டிகா. “நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?”

அவர் தயங்கித் தயங்கி, “கையெழுத்துப் போடத் தெரியுமா, கைநாட்டான்னு கேட்டேனா?”

கெம்பி இல்லையென்று தலையாட்டினாள். கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவர் முன்னே வந்தார். “அது எனக்குங்க. பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார் நான்.” சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் தன் செம்பை எடுத்துவந்து நீட்டினார். ரித்விக் குடித்தார்.

“எவ்வளவு சாராயம் குடிப்பீங்கன்னு… குடிக்கிற பழக்கம் உண்டான்னே கேக்காம?”

“அது எங்கம்மாவுக்கு,” என்றது ஒரு குரல். இன்னொரு செம்பு வந்தது.

“எத்தனை தடவ சொன்னாலும் உங்க ஆளுங்க மாத்திரை போட மாட்டீங்கன்னு…”

மூன்று செம்புகள் ஒன்றாக வந்தன.

ரித்விக்கின் சட்டை நனைந்துவிட்டது, பாதி தண்ணீராலும் பாதி வியர்வையாலும். தன் வாயிலிருந்து இவ்வளவும் இவ்வளவு சுலபமாக வருகிறதே என்பது அவரைத்தான் எல்லோரையும்விட அதிகம் திகைக்க வைத்திருக்க வேண்டும். ஒன்றைக்கூடக் கெம்பி தன்னுடையது என்று சொல்லவில்லை. கடைசியில் அவர் அவளுடைய காலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“புண்ணைச் சுரண்டிச் சுத்தம் பண்ணினேன்,” என்றார் மெதுவாக. “நர்ஸ் மரத்துப்போற ஊசி எடுத்தாங்க. வேண்டாம், மலைக்காரங்களுக்கு வலியே தெரியாது, கல்லு மாதிரி தாங்குவாங்கன்னு சொன்னேன். ஆனா நான் அதப் பாராட்டாத்தானே…” மேலே பேசாமல் நிறுத்தினார். “வலிச்சுதாங்க?”

“உசிரு போச்சு,” என்றாள் கெம்பி.

அவளே செம்பை எடுத்துக் கொடுத்தாள். “மூணு அமாவாசை தாண்டிருச்சு. அப்புறம் தண்ணி மாத்தல, கொஞ்சம் கசக்கும். பரவால்ல, குடிங்க.”

அவர் குடித்து முடித்ததும் கெம்பி கட்டிலிலிருந்து எழுந்து, ஜீப் சாவியைக் கணக்கு வாத்தியாரிடம் தூக்கிப் போட்டாள். “மெதுவா ஓட்டுங்க. கிளட்சுன்னு நெனச்சு பிரேக்க மிதிக்காதீங்க,” என்று சொல்லிவிட்டு, டாக்டரையும் ஜீப்பில் ஏறச் சொல்லி, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதம் தப்பியது. சுண்டுவிரல் ஒன்று மட்டும் போயிற்று.

* * *

சஷ்டிகா சொன்னதையெல்லாம் கேட்டு முடித்த கவின்ராஜுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

“அருமை மேடம்! இத்தன நாளா நமக்குத் தெரியாமப் போச்சே. வீட்டுக்குப் போகணும், முக்காலில உக்காரணும், தண்ணி குடிக்கணும். அவ்வளவுதானே? ஒரு பொறி செஞ்சிருவோம். நாலு சக்கரம் வெச்சு, உள்ள ஒரு தொட்டி வெச்சு. ஒரு நாளைக்கு நூறு வீடு போய்க் குடிச்சிட்டு வந்துரும். ‘வருகையன்’னு பேர் வைக்கலாம். நீங்கதான் ஒருங்கிணைக்கணும்.”

“சார், டாக்டர் வாயால சொல்லணும்…”

“அதான் மேடம், உத்தேசமா நாலஞ்சு வாக்கியம் நீங்க எழுதிக் குடுத்துருங்க. உங்களுக்குத்தான் நல்லா வருமே.”

இவருக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று தெரியாமல் அவள் மின்தூக்கியில் இறங்கினாள். இறங்கும்போதுதான் மணிக்கட்டுத் திரையில் தன் பெயருக்கு நேரே இருந்த எண்ணை முதன்முறையாகத் திறந்து பார்த்தாள். எட்டு வருடத்தில் ஆயிரத்து நாற்பத்திரண்டு. அதில் அறுநூற்றுக்கு மேல் கீழ்த்தளத்தில், ஒரே ஆளிடம். மன்னிப்புக் கேட்ட மொழி: ஈங்கை.

கதவு திறந்தது. எதிரே முக்காலி. பக்கத்தில் தட்டு போட்டு மூடிய செம்பு.

ஈங்கையர்களின் மரியாதைக்காக எட்டு வருடம் விதியும் வாசகமும் எழுதியிருக்கிறாள். தினமும் இரண்டு தடவை இந்த முக்காலியைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள். இது வேறு யாருக்கோ போட்டதாக இருக்கக்கூடாதா என்று மனம் கெஞ்சியது. நாலாவது மாடித் தூசி நினைவுக்கு வந்தது.

பெருக்கும் அம்மாள் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். சஷ்டிகா மெல்ல முக்காலியில் உட்கார்ந்தாள். அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, எதிரில் நின்றாள்.

“எட்டு வருஷமா…” என்று தொடங்கினாள் சஷ்டிகா. “உங்க பேர் என்னன்னுகூட நான் கேக்கல. அதாங்களா?”

அம்மாள் செம்பின் மேலிருந்த தட்டை எடுத்தாள். கொடுக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“அது மொத வாரம்,” என்றாள். “மேல சொல்லுங்க.”