உள்ளங்கையில் தைத்த விரல்

தண்டையார்பேட்டை தகரப் பட்டறையில் மேஸ்திரி தண்டபாணி செத்துக் கிடந்தான்.

கழுத்தில் கயிறு. இரண்டு கையாலும் இழுத்து இறுக்கிய கயிறு...

சந்தேகம் லூர்து மேல் விழுந்தது. விழாமல்? மெஷினின் காப்புத் தகட்டைக் கழற்ற வைத்தவன் மேஸ்திரி. அதில் லூர்துவின் நடுவிரல் நுனி நகத்தோடு போனது. குடித்துவிட்டு வந்தான் என்று சொல்லி அவனை வேலையிலிருந்து நிறுத்தியவனும் அதே மேஸ்திரி.

இன்ஸ்பெக்டர் பரசுராமன் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

லூர்துவின் வலது நடுவிரலை மடக்கி, கட்டைவிரல் அடிச் சதையோடு வைத்துத் தைத்திருப்பதாக டாக்டர் சொன்னார். பதினாலாம் நாள் அறுத்துப் பிரித்தால் புது நுனி. முன்னாடியே பிரித்தால் அந்த நுனியை மறந்துவிட வேண்டியதுதான். கொலை நடந்தது ஒன்பதாம் நாள். அந்தக் கையால் கயிறு இழுக்க முடியாது.

கட்டைப் பிரித்துக் காட்டவில்லை. டாக்டர் சொன்னால் வேதவாக்கா?

கட்டிலருகே லூர்துவின் பெண்சாதி சிலுவையம்மாள் நின்றாள். ராயபுரத்தில் மீன்கூடை தூக்குகிற தோள். கைகளை முந்தானைக்குள் மறைத்திருந்தாள். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வா என்றார் இன்ஸ்பெக்டர்.

மறுநாள் காலை வந்தது அவள் இல்லை.

லூர்து! கையெல்லாம் ரத்தம்.

"நாந்தான் சார் கொன்னேன். அன்னிக்கே தையலைப் பிச்சிட்டேன். மேலே கட்டு கட்டி மறைச்சிக்கினு இருந்தேன். அவளை வுட்ருங்க."

போலீஸ்காரன் எவனையும் நம்ப மாட்டான். டாக்டரை வரவழைத்தார்.

டாக்டர் விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"அன்னிக்கே பிச்சிருந்தா நுனி கருத்திருக்கும். இது சிவப்பா இருக்கு. ஒரு மணி நேரம்கூட ஆகலை... இன்னும் ரெண்டு நாள் பொறுக்கக் கூடாதாப்பா?"

"யாருக்காகய்யா பிச்சே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

லூர்து சுவரைப் பார்த்தான்.

"எனக்காவத்தான் சார்."

வாசலில் சிலுவையம்மாள். உள்ளங்கைகளை விரித்தாள். இரண்டிலும் கயிறு அறுத்த வரி. புருஷனுக்கு வேலையைத் திருப்பிக் கேட்கப் போனாளாம். முக்கால் விரல்காரனுக்கு இன்னா வேலை என்று மேஸ்திரி சிரித்தானாம்.

அவள் லூர்து பக்கம் திரும்பினாள்.

"பன்னெண்டு நாளா நாந்தானே ஒனக்கு சோறு ஊட்னேன்? இனிமே எவ ஊட்டுவா?"

அவளுக்கு விலங்கு மாட்டினார்கள்.

லூர்துவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்த ஏட்டு ராசையா, அந்தக் கையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"பொய் சொல்ல வாய் போதுமே... விரலை எதுக்குய்யா செலவு பண்ணே?"